பட்டியலை நிரப்ப ஒரு பெயர்

2025 மார்ச் மாதத்தில் வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லா இடங்களிலும் கட்சிக்காரர் இளம் ஆட்களைத் தேடித் திரிந்தார்கள். விளையாட்டுக் கழகத் தலைவர், முன்பள்ளி ஆசிரியை, கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர், சந்தியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் பெடியன் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த, முப்பத்தைந்து வயதைத் தாண்டாத பலருக்கு ஒரு அழைப்பாவது வந்திருக்கும். எங்கள் வட்டத்திலும் சிலருக்கு வந்தது. கேட்ட விதம் பெரும்பாலும் ஒன்றுதான். “தம்பி, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும் கையெழுத்தும் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம்.” பெண்களுக்குச் சொன்னது இன்னும் சுருக்கம்: “பிள்ளை, சும்மா பேருக்குத்தான்.”

அப்படிக் கேட்டவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்குப் பட்டியல் நிரம்பவேண்டிய அவசரம். எங்களுக்கு முக்கியமாகப்படுவது வேறு. இளையவர்கள் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கவேண்டும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் பட்டியலை நிரப்புவதற்காக நிற்கக்கூடாது. யார் வட்டாரத்துக்காக நிற்கிறார், யார் பட்டியலுக்காக நிற்கிறார் என்பது தேர்தல் அறிவித்த பிறகு முடிவாகிற விடயம் அல்ல. அதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது. அதனால்தான் தேர்தல் எதுவும் அண்மையில் இல்லாத நேரத்தில் இதைக் கதைக்கிறோம்.

ஏன் எங்களைத் தேடுகிறார்கள்?

எங்கள் மேல் திடீரென்று வந்த அன்பு அல்ல இது. சட்டம் சொல்கிறது, அதனால் தேடுகிறார்கள். உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் 25 சதவீதம் 18 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களாக இருக்கவேண்டும். இல்லையென்றால் வேட்புமனுவே தள்ளுபடியாகலாம். 2025இல் இளைஞர் விகிதம், பிறப்புச் சான்றிதழின் பிரதி போன்ற காரணங்களால் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, சில நீதிமன்றம் வரை போய்த் திரும்பிவந்ததை நாங்கள் பார்த்தோம்.

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1980களின் இறுதியில் தெற்கில் நடந்த கிளர்ச்சியும் அதை அடக்கிய விதமும் பல்லாயிரம் இளைஞர்களைக் கொண்டுபோன பிறகு, இளைஞர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்று ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1990இல் வந்தது. அதே காலத்தில்தான் உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 40 சதவீதம் இளைஞர் என்ற ஏற்பாடு சட்டமானது. 2012இல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. 2023இல் திரும்பவும் 25 சதவீதம் கட்டாயமானது. அதாவது இந்த நாட்டில் இளைஞருக்குப் பட்டியலில் இடம் கொடுத்ததே, இளைஞர் செத்த பிறகுதான். அந்த இடத்தைப் “பேருக்குத்தான்” என்று சொல்லும்போது இதையும் ஒருக்கா நினைக்கவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இளைஞர் ஒதுக்கீடு வேட்புமனுவோடு முடிந்துவிடுகிறது. சபையில் எத்தனை இளைஞர் போய் இருக்கவேண்டும் என்று அது சொல்வதில்லை. பெண்களுக்கான 25 சதவீதம் அப்படி அல்ல, அது சபையில் இருக்கும் கதிரைகளுக்கானது. அதனால்தான் 2018க்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் 2 சதவீத அளவில் இருந்த பெண்கள், 2018 தேர்தலுக்குப் பிறகு 20 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஒரு சட்டத்தால் ஒரே நாளில் நடந்த மாற்றம் அது. இளைஞர் விடயத்தில் அப்படியொரு பாய்ச்சலுக்குச் சட்டத்தில் இடமில்லை. பெயர் கேட்கப்படும், கதிரை கேட்கப்படாது.

வாக்கு எங்கே போகிறது?

இந்த முறை எப்படி வேலைசெய்கிறது என்று விளங்காமல் கையெழுத்து வைத்தவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2018 முதல் நடைமுறையில் இருப்பது கலப்பு முறை. 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் இருந்தும், 40 சதவீதம் மேலதிகப் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள். வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்குத்தான். அந்த வாக்கு வட்டாரத்தில் நிற்பவருக்கும் சேரும், கட்சியின் மொத்தக் கணக்குக்கும் சேரும்.

உதாரணத்துக்கு 20 உறுப்பினர் கொண்ட ஒரு பிரதேச சபையை எடுப்போம். 12 வட்டாரம், 8 பட்டியல். மொத்தம் 16,000 வாக்குகள் அளிக்கப்படுகின்றன என்றால், ஏறத்தாழ 800 வாக்குக்கு ஒரு கதிரை. ஒரு கட்சி எல்லா வட்டாரத்திலும் சேர்த்து 3,200 வாக்கு எடுத்தால் அதற்கு நாலு கதிரை. ஆனால் அது ஒரு வட்டாரத்தில் மட்டுமே வென்றிருக்கிறது. மிச்சம் மூன்று கதிரையும் பட்டியலால் நிரப்பப்படும். அந்தக் கதிரைகளில் யார் இருக்கவேண்டும் என்பதைக் கட்சியின் செயலாளர் சொல்லுவார்.

இப்போது தோற்ற ஒரு வட்டாரத்துக்குப் போவோம். அங்கே நின்ற பெடியன் தன் கழகத்து நண்பர்கள், அம்மாவின் சகோதரங்கள், ரியூசன் பிள்ளைகளின் பெற்றோர் என்று வீடு வீடாய்ப் போய் 250 வாக்கு எடுத்திருக்கிறான். அவன் தோற்றுவிட்டான். ஆனால் அவனுடைய 250 தோற்கவில்லை. அது போய்க் கட்சியின் 3,200க்குள் சேர்ந்து, வேறு ஒருவருக்குக் கதிரை ஆகிறது. அவர் அந்த வட்டாரத்துக்கு ஒரு நாளும் வராதவராகக்கூட இருக்கலாம். கதிரையைச் சுழற்சி முறையில் பங்குபோட்டு, ஒருவர் கொஞ்சக் காலம் இருந்து விலக மற்றவர் வருவதும் நடக்கிறது. அதற்குள் உறுப்பினருக்கு வேலை பழகவே நேரம் காணாது.

ஆகவே “வெல்ல மாட்டீர், சும்மா நில்லும்” என்பது சும்மா அல்ல. உங்களிடம் இருந்து வாங்கப்படுவது கையெழுத்து மட்டுமல்ல. உங்களுடைய சொந்தபந்தம், உங்கள் மேல் ஊர் வைத்திருக்கும் மரியாதை, உங்களுக்குப் பின்னால் வரும் வாக்கு எல்லாவற்றையும் சேர்த்து வாங்குகிறார்கள். விலை கேட்காமல் கொடுக்கிற சாமான் அல்ல அது.

விலை என்று நாங்கள் காசைச் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்கிறோம். எந்த வட்டாரம் தருகிறீர்கள், என் வட்டாரமா வேறொன்றா? தோற்றால் பட்டியல் கதிரை யாருக்கு? அதை எழுத்தில் தருவீர்களா? சுழற்சி என்றால் யாருக்கு எவ்வளவு காலம்? தவிசாளர் தெரிவில் நான் யோசித்து வாக்களிக்கலாமா, அல்லது தொலைபேசியில் சொல்வீர்களா? இந்தக் கேள்விகளைக் கேட்டவுடன் எதிர்ப்பக்கத்தில் அழைப்புத் துண்டிக்கப்பட்டால், அதுவே பதில்.

சபை எதைச் செய்யும்?

“பிரதேச சபைக்குப் போய் என்ன கிழிக்கப்போறீங்கள்” என்பதுதான் எங்கள் வயதுக்காரரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. கேட்கிறவரில் பாதிப் பேருக்குப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அது அவர்களின் பிழை அல்ல, பெயரே அப்படி. பிரதேச செயலகம் அரசாங்கத்தின் அலுவலகம். காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும, அடையாள அட்டை விண்ணப்பம் எல்லாம் அந்தப் பக்கம். அங்கே இருப்பவர்களை நாங்கள் தெரிவுசெய்வதில்லை. பிரதேச சபை நாங்கள் தெரிவுசெய்வது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்று: பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், பொது வீதிகள். இதை ஊர்ப் பாஷையில் விரித்தால், குப்பை, வெள்ள வாய்க்கால், ஒழுங்கை, மதகு, வீதி மின்விளக்கு, சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம், சிறுவர் பூங்கா, முன்பள்ளி, மயானம், கட்டட அனுமதி, வியாபார உரிமம், சோலைவரி. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அதற்கு அடுத்தவை மாகாணத்திடமும் இருக்கின்றன. வீட்டுப் படலை திறந்தவுடன் கால் வைக்கிற ஒழுங்கை அனேகமாகச் சபையுடையது.

இதெல்லாம் சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு மூன்று உதாரணம் சொல்கிறோம்.

முதலாவது, குப்பை. 2017 ஏப்ரல் 14, புதுவருட நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வருடக்கணக்காக அங்கே சனம் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டுதான் இருந்தது. குப்பை எங்கே கொட்டப்படும் என்பது யாருடைய உயிர் மலிவு என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, மயானம். அதே 2017இல் யாழ்ப்பாணம் புத்தூரில் கலைமதி கிராமத்துச் சனம், குடியிருப்புக்கு நடுவில் இருந்த மயானத்தை அகற்றக் கேட்டு நாட்கணக்காகத் தெருவில் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் இடத்துக்குப் பக்கத்தில் பிணம் எரிக்கலாம், மற்ற இடத்தில் ஏலாது என்ற எண்ணத்துக்கு எதிரான போராட்டம் அது. மயானங்கள் உள்ளூராட்சியின் அதிகாரத்துக்குள் வருபவை. சாதி பற்றிக் கட்டுரை எழுதுகிறோம், கலந்துரையாடல் வைக்கிறோம். அந்தக் கேள்வி ஒரு தீர்மானமாக மேசைக்கு வருகிற இடம் பிரதேச சபை. எந்த ஒழுங்கைக்கு முதலில் தார், எந்தக் குடியிருப்புக்குக் கடைசியில் லைட் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

மூன்றாவது, தோட்டம். மலையகத்தில் பல தசாப்தங்களாக வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குப் போன உறுப்பினர், வென்ற பிறகு அங்கே ஒரு மதகு கட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை சேவை வழங்குவதற்குத் தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்தன. சட்டக் கதவு திறந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள்ளால் எதைக் கொண்டுபோவது என்று தெரிந்த இளம் உறுப்பினர்களுக்கு இப்போதுதான் வேலை தொடங்குகிறது.

பயம் எங்கிருந்து வருகிறது?

வீட்டில் “தேர்தலில் நிக்கப்போறன்” என்று சொன்னால் முதலில் வருகிற வசனம், “உனக்கேன் தேவையில்லாத வேலை.” அதற்குள் இருக்கும் பயத்தைக் கிண்டலடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் தெரிவாகிச் சில மாதங்களில், மே 17 அன்று, தன்னுடைய வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலன் அதே வருடம் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். குப்பையும் லைட்டும் பார்க்கிற கதிரையில் இருந்ததற்காக உயிர் போன ஊர் இது. அந்தக் கொலைகளுக்கு நியாயம் சொன்னவர்களும் எங்கள் சமூகத்துக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

எங்கள் பெற்றோர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். “படி, வேலை எடு, ஏலுமெண்டால் வெளியில போ” என்று அவர்கள் சொன்னது உயிரைக் காப்பாற்றும் பாடம். ஆனால் அந்தப் பாடத்தின் விளைவையும் பார்க்கவேண்டும். ஊரில் பொதுக்காரியம் செய்யத் தெரிந்த பெடியள் பலர் இன்றைக்கு வெளிநாட்டில் இருந்து கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு அனுப்புகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் வளைவு கட்டலாம். ஆனால் சபை எந்த வாய்க்காலை முதலில் திருத்தும் என்ற முடிவில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

பெண்களுக்கு இந்தப் பயம் இன்னொரு விதம். துவக்குக்குப் பயப்படத் தேவையில்லாத காலத்திலும் முகநூலுக்குப் பயப்படவேண்டியிருக்கிறது. ஒரு பெண் வேட்பாளரின் கொள்கையை எதிர்க்க ஆட்கள் குறைவு, நடத்தையைக் கதைக்க ஆட்கள் கனக்க. சபைக்குப் போன பிறகும் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தால் “வாய்க்காரி”, கதைக்காமல் இருந்தால் “பொம்மை.” ஆகவே பெண் ஒருவர் நிற்கிறார் என்றால் கூடப் போவதற்கு, பொய்ப் பதிவுகளைச் சேமித்து முறைப்பாடு கொடுப்பதற்கு, இரவுக் கூட்டம் முடியக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு குழு முன்கூட்டியே இருக்கவேண்டும். தனியொரு ஆளின் துணிச்சலை நம்பி அனுப்பிவிட்டு, பிறகு “அக்கா பாவம்” என்று பதிவு போடுவதில் பிரயோசனம் இல்லை.

“அதிகாரம் இல்லாத சபை”

எங்களை எதிர்த்துச் சொல்லப்படுகிற வலுவான வாதம் இதுதான். சபைகளிடம் காசு இல்லை. வருமானம் குறைந்த பிரதேச சபைகளில் சோலைவரியும் சந்தைக் குத்தகையும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய ஏலாது. ஆளுநர், உள்ளூராட்சி ஆணையாளர், செயலாளர் என்று மேலே நிறையக் கைகள் இருக்கின்றன. இனப்பிரச்சினைக்கு வாய்க்கால் தீர்வு இல்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கினுடையது 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. பாராளுமன்றத்துக்குக் கீழே எங்கள் வாக்கால் உருவான அமைப்பு என்று மிஞ்சியிருப்பது உள்ளூராட்சி சபைதான். அதையும் எடுத்துப் பார்த்தார்கள். 2023 மார்ச் 9 அன்று நடக்கவேண்டிய தேர்தல், திறைசேரியில் காசு இல்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டது. மார்ச் 19உடன் சபைகளின் காலம் முடிந்தது. 2025 ஜூன் வரை இரண்டு வருடத்துக்கு மேல் ஊரின் அலுவல்களை அதிகாரிகள் பார்த்தார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த இரண்டு வருடத்தில் ஒழுங்கை லைட் பழுதென்றால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று சனத்துக்குத் தெரியவில்லை. சண்டை பிடிக்க ஒரு ஆள் இருப்பதே பெரிய விடயம் என்று அப்போது விளங்கியது.

அதிகாரப் பகிர்வு வேண்டும் என்று எங்கள் அரசியல் எத்தனையோ தசாப்தமாகக் கேட்கிறது. கேட்பது சரி. கிடைத்திருக்கிற கையளவு அதிகாரத்தை ஒழுங்காகப் பாவித்துக் காட்டுவதும் அந்தக் கேள்வியின் பகுதிதான். யாழ்ப்பாணப் பொது நூலகம் யாருடையது? மாநகர சபையுடையது. 1981இல் எரிக்கப்பட்டபோது ஒரு இனத்தின் மனது எரிந்தது என்று சொல்கிறோமே, அந்தக் கட்டடமும் அந்தப் புத்தகங்களும் ஒரு உள்ளூராட்சி சபையின் பொறுப்பில் வளர்ந்தவை. ஊர்க்காரர் சேர்ந்து ஒரு சபையின் கையில் கொடுத்த விடயம் எவ்வளவு பெரிதாக வரமுடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இன்றைக்கு எங்கள் ஊர் வாசிகசாலைகளில் எத்தனை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, வேலைக்குப் போய்வருகிறவர் போகக்கூடிய நேரத்தில், திறந்திருக்கின்றன? இதை மாற்ற யாப்புத் திருத்தம் தேவையில்லை. ஒரு தீர்மானமும் கொஞ்சக் காசும் விடாமல் கேட்கிற ஒரு உறுப்பினரும் போதும்.

இன்னொரு விடயம். கலப்பு முறையில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை வருவதில்லை. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் பாதீடு தோற்று முதல்வரே மாறினார். அப்படியான சபையில் ஒரு வாக்குக்கு விலை கூட. அந்த ஒரு வாக்கை “என் வட்டாரத்துக்கு என்ன, ஊருக்கு என்ன” என்று கேட்டுப் போடலாம். “எனக்கு என்ன” என்று கேட்டும் போடலாம். இரண்டாவது வகையை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

நிற்பதற்கு முன்

அடுத்த தேர்தல் சாதாரணமாகப் பார்த்தால் 2029 வாக்கில். அதுவரை என்ன செய்யலாம்?

உங்கள் வட்டாரத்தை நடந்து பாருங்கள். வட்டார எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் தேர்தலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வீட்டுக்குக் குப்பை ட்ராக்டர் வருகிறது, எந்த மதகு மாரியில் அடைக்கிறது, எந்தக் குடும்பங்கள் குடிதண்ணிக்கு எங்கே போகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாலு மாரி எழுதினால் அது எந்தத் தேர்தல் விஞ்ஞாபனத்தையும்விடப் பெறுமதியானது.

சபையின் பாதீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். உங்கள் வட்டாரத்துக்குப் போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் அதை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

சபைக்கு உள்ளே போக உறுப்பினராகத்தான் வேண்டும் என்று இல்லை. நிதியும் கொள்கைத் திட்டமிடலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று பிரதேச சபைகளில் குழுக்கள் இருக்கின்றன. உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் அவற்றில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் சபையில் அந்தக் குழுக்கள் கூடுகின்றனவா, யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லாததால் கூடாமல் கிடக்கவும் கூடும். சனசமூக நிலையம், மாதர் சங்கம், நூலக வாசகர் வட்டம் எல்லாம் இதே வேலையின் சின்ன வடிவங்கள். அங்கே கணக்கு வாசிக்கப் பழகாதவர் சபைக்குப் போய்ப் பாதீட்டைப் பார்த்து முழுசவேண்டி வரும்.

சுயேச்சையாக நிற்க யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனி ஆளாக நிற்க ஏலாது. சபை முழுவதற்கும் வட்டார வேட்பாளர்களையும் பட்டியலையும் சேர்த்து ஒரு குழுவாகவே நிற்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா கட்டுப்பணம், சுயேச்சைக்கு 5,000 ரூபா. முன்னர் சொன்ன 20 பேர் சபை என்றால் கட்டுப்பணம் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆகவே இருபது பேர் ஒன்றாக நம்பி வேலைசெய்கிற ஒரு குழு, வெளிப்படையான ஒரு உண்டியல், கணக்கு எழுதுகிற ஒருவர் வேண்டும். 2023இல் வந்த தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி முடிவு வந்து 21 நாளுக்குள் வென்றவரும் தோற்றவரும் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். காசு யார் தந்தது என்று சனத்துக்கும் அதே கணக்கைக் காட்டினால், அதுவே நல்ல பிரசாரம்.

கட்சியில் நிற்பது கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்சிக்குள் இருந்து வட்டாரத்துக்காகச் சண்டை பிடிக்கலாம். சுயேச்சையாக வந்து தவிசாளர் தெரிவன்று விலைபோகவும் செய்யலாம். சின்னத்தைவிட, அந்த ஆளுக்குப் பின்னால் கேள்வி கேட்கிற ஒரு கூட்டம் இருக்கிறதா என்பதுதான் பெரிது. எங்களில் எல்லாரும் வேட்பாளர் ஆகத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தில் ஒருவர் நின்றால், பத்துப் பேர் கூட நடக்கவேண்டும், ஒருவர் கணக்கு எழுதவேண்டும், இன்னொருவர் வென்ற பிறகு மாதாந்தம் “அண்ணை, அந்த மதகு என்ன மாதிரி?” என்று கேட்கவேண்டும்.

உறுப்பினருக்கு மாதாந்தம் கிடைப்பது ஒரு கொடுப்பனவு, சம்பளம் அல்ல. அதை நம்பிக் குடும்பம் நடத்த ஏலாது. பாராளுமன்றத்துக்கு ஏறுகிற முதல் படி என்று நினைத்துப் போகிறவருக்கு இந்த வேலை கெதியில் அலுத்துவிடும். காலமை ஆறு மணிக்குத் தொலைபேசி எடுத்து “லைட் எரியேல்லை” என்று சொல்லும் ஆச்சிக்குப் பதில் சொல்வதுதான் இந்த அரசியலின் பெரும்பகுதி. அதில் அலுப்பில்லாதவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது சமைத்த பார்சலோடு வீடு வீடாய்ப் போனவர்கள், இரத்ததான முகாம் வைத்தவர்கள், மைதானத்துக்குப் புல்லு வெட்டியவர்கள். “எங்களுக்கு அரசியல் வேண்டாம், நாங்கள் சமூகசேவை” என்று அவர்கள் சொல்வார்கள். வெள்ளம் வந்த பிறகு பார்சல் கொடுப்பது சமூகசேவை. வெள்ளம் வராமல் வாய்க்காலுக்கு ஒதுக்கீடு எடுப்பது அரசியல். பார்சல் கட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கு ஒதுக்கீடு எடுக்கவும் ஏலும். அவர்களிடம் இப்போதே, தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கும்போது அல்ல, போய்க் கேளுங்கள்: எந்த வட்டாரம், யார் யார் கூட வருவது, முதல் வேலை என்ன?